நௌக்ரி இருந்தால் நௌகர்

நம் வயதுக்காரர்களுக்கு ரேஷன் கார்டைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்து டெல்லியில் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் அது வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அது வேண்டும், சமையல் கேஸுக்குப் பெயர் பதிய அது வேண்டும். பழுப்பு அட்டைக்குள் வீட்டில் உள்ளவர்களின் பெயர், வயது, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று கட்டம் கட்டமாக இந்தியில் எழுதியிருப்பார்கள். எங்கள் வீட்டுக் கார்டில் நான்கு வரிகள். நான்காவது வரியில், உறவு என்ற கட்டத்தில் ஒரு சொல் இருந்தது. அது அங்கே போய் உட்கார்ந்ததற்கு நான்தான் காரணம். இதை நாற்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பாவுக்கு டெல்லிக்கு மாற்றலானபோது எனக்கு ஏழு வயது. ஆர்.கே.புரத்தில் முதல் மாடியில் இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். அடுத்த வருஷம் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவுக்குப் பெரியம்மா மகன், இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். தமிழ் டைப்பை வைத்துக்கொண்டு டெல்லியில் என்ன செய்ய முடியும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. "ரெண்டு மாசத்துல ஒரு வேலை பாத்துருவோம்" என்று அப்பாதான் கடிதம் போட்டு வரவழைத்தார்.

அந்த இரண்டு மாதம் முடிவதற்குள், ஓடுகிற பஸ்ஸில் ஏறப் போய் அப்பா கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பல வாரம், பிறகு வீட்டில் படுக்கை, அதன் பிறகு இரண்டு கக்கத்திலும் கட்டைகள். மாடிப்படி இறங்க மட்டும் அவரால் முடியவே இல்லை. மாமா முதுகில் சுமந்து இறக்குவார். பதினெட்டுப் படிகள். நான் பின்னாலேயே கட்டைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன். அப்பாவின் கை மாமாவின் கழுத்தைச் சுற்றியிருக்கும், மாமாவின் காது சிவந்து போயிருக்கும். கீழே ஆட்டோவில் உட்கார வைத்து, தானும் ஏறி, ஆபீஸ் வரை போய், நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, சாயங்காலம் வரை வராந்தா பெஞ்சில் காத்திருப்பார்.

காலையில் அப்பாவுக்குச் சவரம் செய்வதும் மாமாதான். வெந்நீர் எடுத்து வைப்பது, முதுகு தேய்ப்பது, காலுறை மாட்டுவது எல்லாம் அவர்தான். சவர சோப்பின் வாசனையும் அப்பாவின் இடுப்புக்குத் தடவும் தைலத்தின் வாசனையும் சேர்ந்துதான் எனக்கு மாமாவின் வாசனை. பின்னாளில் அந்தத் தைலத்தை எங்கே முகர்ந்தாலும் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவேன்.

ஆபீஸ் பியூன்கள் மாமாவை 'அர்தலி' என்று கூப்பிட்டார்களாம். வெள்ளைக்கார துரைமார் பக்கத்தில் உத்தரவுக்குக் காத்து நின்றவனை ஆர்டர்லி என்றார்கள். அதைத்தான் இந்திக்காரர்கள் அர்தலி ஆக்கிக்கொண்டார்கள். அப்பா அதை ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஆபீஸ்ல இவன என் அர்தலிங்கான். எனக்கு அண்டர் செக்ரட்டரிக்கு மேல மவுசு வந்துட்டு பாத்துக்க."

மாமாவும் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாமாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். தமிழில் இதற்கு எடுபிடி என்ற சொல் இருக்கிறது. எடு என்று ஒரு ஏவல், பிடி என்று ஒரு ஏவல். ஏவுகிறவனின் குரல் மட்டும் இருக்கிற சொல் அது, ஏவப்பட்ட ஆளை அதற்குள் தேடினாலும் கிடைக்காது. இதெல்லாம் இப்போது தோன்றுவது. அன்றைக்கு எனக்கு அர்தலி என்ற சொல் சினிமாப் பட்டம் மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

நான் சொல்ல வந்தது எனக்குப் பத்து வயதான கோடைகாலத்தைப் பற்றி. ஜன்னலில் தகரக் கூலர் ஓடிக்கொண்டிருக்கும். அதன் புல் தட்டி நனைந்து வெட்டிவேர் வாசனை வீடெல்லாம் அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் படுத்த பிறகு, கூலர் இரைச்சலுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்கும். தட் தட் தட். டைப்ரைட்டர் வாங்க வழியில்லாததால் மாமா ஒரு சட்டைப் பெட்டி அட்டையில் மசியால் எழுத்துகளை வட்டம் வட்டமாக எழுதி, அதில் விரல் பழகிக்கொண்டிருந்தார். விரல் பட்டுப் பட்டு நடுவரிசை எழுத்துகள் அழிந்துவிடும். திரும்ப எழுதுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப என்ன அடிச்சீங்க?" என்று கேட்பேன். "'கனம் பொருந்திய ஐயா'ன்னு அடிச்சேன்" என்பார். ஒன்றுமே தெரியாத அட்டையைப் பார்த்து நானும் தலையாட்டுவேன்.

வீட்டில் அந்த வருஷம் அதிகமாகப் புழங்கிய சொல் நௌக்ரி. வேலை என்று சொன்னால் வீட்டு வேலை, கடை வேலை எல்லாம் வந்துவிடும். சர்க்கார் உத்தியோகம் என்றால் நௌக்ரிதான். அப்பாவுக்கு இருந்தது நௌக்ரி. "அவனுக்கு ஒரு நௌக்ரி மட்டும் ஆயிட்டா போதும்" என்று அம்மா சாமி படத்துக்கு முன்னால் முணுமுணுப்பாள். கீழ் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம், "பையா கீ நௌக்ரி லகீ?" என்று கேட்பாள். வேலை கிடைத்துவிட்டதா என்ற விசாரிப்பு. அக்கறையாகத்தான் கேட்டாள், ஆனால் அவள் பிள்ளைகள் என்னோடு சண்டை வந்தால், "உன் மாமா நிகம்மா" என்பார்கள். நிகம்மா என்றால் தண்டச்சோறு. அதை மட்டும் எனக்குப் பொறுக்காது. ஒரு தடவை ஒருத்தன் கையைக் கடித்தே விட்டேன்.

தெருவில் பொறுக்கிய இந்திதான் எனக்குத் தெரிந்த இந்தி. படித்தது தமிழ்ப் பள்ளியில். வீட்டு வேலைக்கு வருகிறவளை எங்கள் பக்கம் மாயி என்பார்கள், துணி வெளுப்பவர் தோபி, பெருக்குபவர் ஜமாதார். ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலால் பெயர். நௌகர் என்ற சொல்லை நான் எங்கோ அரைகுறையாகக் கேட்டிருந்தேன், யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கவனித்ததில்லை. ஆனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. தோட்டம் இருந்தால் தோட்டக்காரர். நௌக்ரி இருந்தால் நௌகர். இதிலென்ன கஷ்டம்?

ரேஷன் கார்டு புதுப்பிக்கும் சமயம் அது. ஒருநாள் பகலில் இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார். அன்று அப்பாவின் ஆபீசுக்கு ஏதோ விடுமுறை. அப்பா உள்ளே தூங்குகிறார், அம்மா குளித்துக்கொண்டிருக்கிறாள், மாமா பனிக்கட்டி வாங்கப் போயிருக்கிறார். நான் கதவைத் திறந்து, சுராஹி என்ற மண் கூஜாவிலிருந்து தண்ணீர் சாய்த்துக் கொடுத்தேன். பெரிய மனுஷி மாதிரி எதிரே நின்றுகொண்டேன். அவர் பழைய விண்ணப்பத்தைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கேட்டார். அப்பா, அம்மா, நான். நான்காவது பெயருக்கு வந்து, இவர் யார் என்றார்.

"மாமா" என்றேன்.

இந்தியிலும் மாமா மாமாதான். சரியான பதிலைத்தான் முதலில் சொன்னேன், இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்த மனிதர் சிரித்தார். "தும் மத்ராசி லோக் தோ சப்கோ மாமா போல்தே ஹோ" என்றார். நீங்கள் மதராசிகள் எல்லாரையுமே மாமா என்றுதானே கூப்பிடுவீர்கள் என்று அர்த்தம். பிறகு, "காம் க்யா கர்தா ஹை?" என்று கேட்டார். என்ன வேலை செய்கிறான்?

கீழ் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் என் எதிரே நின்று கேட்ட மாதிரி இருந்தது. என் மாமாவை ஒருவர் தண்டச்சோறு என்று எழுதிக்கொண்டு போகப் பார்க்கிறார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பொய் சொன்னேன். எங்கள் மாமா உத்தியோகஸ்தர் என்று பொய் சொன்னேன்.

"நௌகர் ஹை."

அவர் எழுதிக்கொண்டார். கீழே குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை அப்பாவின் மேஜையில் வைத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நாவல்பழம் பொறுக்கப் போய்விட்டேன்.

மழை தொடங்கியபோது மாமாவுக்கு ஒரு வழி திறந்தது. ஒரு சர்க்கார் நிறுவனத்தில் குமாஸ்தா வேலைக்கு எழுத்துத் தேர்வு, டைப் தேர்வு இரண்டிலும் தேறிவிட்டார். அட்டையில் பழகிய விரல்தான். சான்றிதழ்களையும், விலாசத்துக்கு ரேஷன் கார்டையும் காட்டிவிட்டு வந்தால் ஆர்டர் கையில். அம்மா காலையிலேயே கேசரி கிண்டி வைத்திருந்தாள். அன்று மட்டும் அப்பா ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார்.

மாமா திரும்பி வந்தபோது சட்டை நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ரேஷன் கார்டை அப்பாவின் மடியில் வைத்தார்.

"அத்தான், இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிங்க."

அப்பா வாசிக்கவில்லை. "என்ன விஷயம், சொல்லு" என்றார்.

"வேலைக்காரன்னு போட்டிருக்காம். அங்க மேஜையில இருந்தவன் சத்தமா வாசிச்சான். பத்துப் பேரு திரும்பிப் பாத்தானுவ. விண்ணப்பத்துல அக்கா வீட்டுல இருக்கேன்னு எழுதியிருக்க, கார்டுல நௌகர்னு இருக்கு, எது பொய்னு கேக்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள வீட்டுத் தலைவர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா, இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்ங்கான்."

நௌகர் என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டது அப்போதுதான். கூலருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"இம்புட்டுதானே" என்றாள் அம்மா. "'இவன் என் வீட்டுக்காரி தம்பி, கார்டுல தப்பா எழுதிட்டாங்க'ன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியெல்லாம் எழுத முடியாது. கார்டும் சர்க்கார் காகிதம். அதுல ஒண்ணு, என் கையெழுத்துல ஒண்ணுன்னா நாளைக்கு விசாரணை வந்தா என் வேலைல்லா போகும்? மொதல்ல கார்டத் திருத்த மனு போடுவோம். ரெண்டு மாசத்துல திருத்தி வந்துரும்."

"ரெண்டு மாசம் அந்த ஆபீஸ்காரன் காத்துக்கிட்டு இருப்பானா அத்தான்?" என்றார் மாமா.

"இது போனா இன்னொண்ணு."

மாமா கார்டைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இப்படி எழுதச் சொன்னது யாரு? நீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லுதேன்? வந்தவன் அவனா எழுதியிருப்பான்."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. "நான்தான் சொன்னேன், அர்த்தம் தெரியாமச் சொன்னேன்" என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அப்பாவுக்கும் எழுதிக் கொடுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும், குழந்தை தவறாகச் சொல்லிவிட்டது என்று. எனக்கு அது அப்போதே தெரியும். அடி விழும் என்ற பயம் இல்லை, அப்பா என்னை அடித்ததே இல்லை. மாமா என்னை என்ன கண்ணால் பார்ப்பாரோ என்ற பயம்தான். கூலர் தண்ணீர் சொட்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோழை.

வியாழன் இரவு வரை அம்மா கெஞ்சினாள். ஒரு வேளை சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தாள். அப்பா மனு எழுதினார், கார்டைத் திருத்தச் சொல்லி, நல்ல இந்தியில், பாரா பாராவாக. வேறொன்றும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாமா எப்போதும்போல அப்பாவுக்குச் சவரம் செய்தார். முதுகில் சுமந்து இறக்கினார். ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் சுமந்து ஏற்றி, காலுறையைக் கழற்றி, தைலம் தடவி, கையைக் கழுவிக்கொண்டு தன் தகரப் பெட்டியை எடுத்தார். "வாரேங்க்கா" என்றார். ஜங்புராவில் சாக்கடைக் கால்வாய்க்குப் பக்கத்தில், மதராசி கேம்ப் என்ற குடிசைப் பகுதியில் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், அங்கே போவதாகச் சொன்னார். என் தலையில் கை வைக்க வந்தார். நான் சட்டென்று விலகிக்கொண்டேன். நானும் அவரை வேலைக்காரனாக நினைக்கத் தொடங்கிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ. அந்த நினைப்பு இன்றுவரை என்னைப் படுத்துகிறது.

"கோவம் தணிஞ்சா வருவான்" என்றார் அப்பா. வரவில்லை. அம்மா போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஒருமுறை தேடிக்கொண்டு கேம்புக்கே போனாள், அங்கிருந்தும் போய்விட்டார் என்றார்கள். அப்பாவைப் படியில் இறக்க இரண்டு பேரை அமர்த்த வேண்டியிருந்தது, கடைசியில் தரைத்தளத்து வீடாக மாற்றிக்கொண்டோம். அப்பா அவரை நன்றி கெட்டவன் என்று சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

வயது ஏற ஏற அந்தச் சொல்லை நான் விடவில்லை, அதுவும் என்னை விடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு பெரிய அகராதியில் அதைத் தேடினேன். பாரசீகத்திலிருந்து இந்திக்கு வந்திருக்கிறது. பாரசீகத்துக்கு மங்கோலியரிடமிருந்து. அங்கே அதன் மூலம் நோகோர். அர்த்தம், தோழன். தலைவனோடு போருக்குப் போய், அவனோடு உண்டு, கடைசிவரை கூட நிற்பவன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் மாமாவை அப்பாவுக்குத் தோழன் என்றல்லவா சொல்லியிருக்கிறேன்! தோழனை வேலைக்காரனாக ஆக்கியது யாரோ, எந்த ஊரிலோ, எந்த நூற்றாண்டிலோ. இந்தச் சாக்கு எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

அம்மா எப்போதோ போய்விட்டாள். அப்பாவும் போன பிறகு, ஒரு கல்யாணத்தில் ஊர்க்காரர் ஒருவர் மாமாவின் விலாசத்தைக் கொடுத்தார். மயூர் விஹாரில் ஒரு ஃபிளாட். ஏதோ கம்பெனியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். பிள்ளை வெளிநாட்டில், இவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். நான் போனபோது மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா மூஞ்சி" என்றார்.

காதருகே முடி எல்லாம் நரைத்திருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் நௌகர் என்று சொன்னது நான்தான் என்று சொன்னேன். நௌக்ரி இருந்தால் நௌகர் என்று நினைத்துச் சொன்னேன் என்றேன். மங்கோலியா வரைக்கும் சொன்னேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தார். "மங்கோலியாவுல அப்ளிகேஷன் போட்டிருந்தா எனக்கு வேலை கெடச்சிருக்கும், என்ன?"

நானும் சிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

"நீ சொல்லியிருப்பேன்னு அப்பமே நெனச்சேன்ட்டி. அன்னைக்கு வந்தவன்கிட்ட பேசினது நீ ஒருத்திதானே. அதுக்கா இத்தன வருசம் கெடந்து அழிஞ்ச? பச்சப்பிள்ள, உனக்கு என்ன தெரியும்."

"அப்ப ஏன் மாமா போனீங்க?"

அவர் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சாயங்காலம் அந்த ஆளு கையெழுத்து வாங்க வந்தான். நீ வெளாடப் போயிட்ட. அத்தான் கண்ணாடி போட்டு, விரல் வச்சு, வரி வரியா வாசிச்சாவ. இந்திப் பரீட்சை எல்லாம் எழுதிப் பாஸ் பண்ணவுகல்லா. நாலாவது வரியில விரல் நின்னுட்டு. நிமிந்து என்னயப் பாத்தாவ. எனக்கு அப்ப இந்தி வாசிக்கத் தெரியாது. என் பேரப் பாத்துட்டுத்தான் பாக்காவன்னு நெனச்சேன். 'பேனாவக் குடுல'ன்னாவ. நாந்தான் மூடியத் தொறந்து கையில குடுத்தேன்."

அப்பா கெட்டவர் இல்லை. அவர் பயந்திருக்கிறார். மாமாவுக்கு வேலை கிடைத்துவிட்டால் பதினெட்டுப் படியை யார் முதுகில் இறங்குவது என்று பயந்திருக்கிறார். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, புரிவதால் ஆறுதல் எதுவும் இல்லை. இத்தனை வருஷமாகக் குற்றத்தை நான் ஒருத்தியே வைத்திருந்தேன். அதில் பெரும்பங்கு என்னுடையதில்லை என்று தெரிந்தபோது நிம்மதி வரும் என்று நினைத்திருந்தால், அதுவும் வரவில்லை. அப்பா போய்விட்டார், அவரிடம் கேட்க முடியாது.

கதவு திறந்தது. மாமாவின் மனைவி இரண்டு கையிலும் பைகளோடு வந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "யாரு வந்திருக்கா?" என்று மாமாவைக் கேட்டார்.

"நான் மொத மொத வேலை பாத்த வீட்டுப் பொண்ணு" என்றார் மாமா. குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. கேட்டதற்கு விவரம் சொல்கிற குரல்.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் அவர் அவசரமாக. முறைக்கு எனக்கு அத்தை. பையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "அத்த, நான் மாமாவோட அக்கா மக" என்றேன்.

அவர் திகைத்துப் போய் மாமாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அவுகளுக்குக் காப்பி போடு" என்றார்.